அக்காவின் அறிவிப்பு

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, கழுத்து வளைந்த மைக். வண்டி ரத்தானாலும் நடைமேடை மாறினாலும் ஊருக்கு முதலில் சொல்வது அவள்தான்.

நான் படிக்கும் ஜெர்மன் மொழியில் அறிவிப்பதற்கான ஒரு வினைச்சொல் 'அன்க்யூண்டிகென்'. அதற்குள் 'குண்ட்' என்ற பழைய சொல் ஒளிந்திருக்கிறது. 'தெரிந்தது' என்று பொருள். நம் 'அறிவி'யும் 'அறி'யிலிருந்து பிறந்ததுதானே. ஆனால் ஜெர்மன்காரர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் வரப்போவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். புயல், விருந்தாளி, நாளைய வேலைநிறுத்தம். நடந்து முடிந்ததற்கு அது ஒட்டாது. அதனால்தான் எனக்குப் பதற்றம்.

அக்காவுக்கு வியாழக்கிழமை தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டியை எடுத்த பிறகு குரல் எப்படியிருக்கும் என்பதற்கு மருத்துவர் உறுதி தரவில்லை. அக்கா, அத்தான் வீட்டிலேயே தங்கியிருக்கும் எனக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அத்தான்கிட்ட மூச்சு விடாதே. நானே சொல்லிக்கிறேன்," என்றாள்.

திங்கள் போனது, செவ்வாயும் போனது. வியாழன் கடந்துவிட்டால் அது அறிவிப்பே ஆகாது.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "புறப்பட வேண்டிய கணவர் காலவரையின்றித் தாமதம்," என்று அக்கா வேலைக் குரலில் முழங்குவாள். அத்தான் உள்ளிருந்தே பயணிகளிடம் மன்னிப்புக் கேட்பார்.

புதன் மாலை சாப்பாட்டு மேசையில் அக்கா முதுகை நிமிர்த்தினாள். வீட்டுக் குரலில் சொல்ல அவளுக்கு வரவில்லை. வேலைக் குரலை எடுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வீட்டு மனைவி நாளை காலை மருத்துவமனைக்குப் புறப்படுகிறார். தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் திரும்பி வருமா என்பது இப்போதைக்குத் தெரியவில்லை."

அத்தான் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்பாடா, வீட்டுக்கு நிம்மதி! எந்த நடைமேடை, மைக்கம்மா?"

"என்னங்க, இது விளையாட்டு இல்ல."

"சரி சரி. வருந்துகிறோம்னு சொல்லி முடி."

அவள் முடிக்கவில்லை. மறைப்பதற்காகச் சுற்றியிருந்த கழுத்துத் துணியை அவிழ்த்து, அவர் கையைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தாள். அத்தானின் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"எப்போலேர்ந்து?"

"ஒரு மாசமா."

"இவளுக்குத் தெரியுமா?" என்னைப் பார்க்காமலே கேட்டார். அக்கா தலையசைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்றே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. "பேசு."

"என்னத்தைப் பேசறது?"

"எதையாவது. விடியற வரைக்கும் பேசு. நான் கேக்கணும்."