ஞானசம்பந்தம் பாஸ் செய்த மரணம்

செல்போனில் சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர் வருமாம். எடுத்துக் காதில் வைத்தால் ஆள் அந்த இடத்திலேயே காலியாம். காதர்பேட்டையில் பாண்டித்துரை என்ற அயர்ன் மாஸ்டர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தாராம். 2007இல் இந்தச் சேதி எஸ்.எம்.எஸ். ஏறித் திருப்பூரைச் சுற்றிய வாரத்தில், பனியன் கம்பெனிகளில் பாதிப் பேர் போனை அணைத்து டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

இது நிஜமா என்று பார்க்கும் பொறுப்பு ஞானசம்பந்தத்தின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, அவரே தலையைக் கொண்டுபோய்க் காட்டினார் என்பதுதான் சரி. அவர் ஒரு கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர். லண்டனில் லாட்டரி விழுந்திருக்கிறது என்று வந்த இமெயிலை நம்பிப் பெட்டி கட்டிய முதலாளியைத் தடுத்த நாள் முதல், அவருக்கு ‘இன்டர்நெட் எக்ஸ்பர்ட்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ‘இணையமும் பொறுப்புள்ள குடிமகனும்’ என்று ஒரு கருத்தரங்கு. சென்னையிலிருந்து தொழில்நுட்பக் கொள்கை வல்லுநர் தீனதயாளன் வருகிறார். பக்கத்து நாற்காலி ஞானசம்பந்தத்துக்கு. அவர் பாஸ் செய்த சரக்கு திரும்பி வந்ததே இல்லை என்பது ஊர் அறிந்த விஷயம். மேடையில் தப்பாக ஒன்றைச் சொன்னால் அந்தப் பெயர் அன்றோடு போச்சு.

ஏற்றுமதிப் பனியனை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பெட்டியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று உருவுவார்கள். மூன்றும் தேறினால் மொத்தமும் பாஸ். வதந்திக்கும் அதே வைத்தியம்தான் என்று முடிவு செய்தார்.

மேலே, மொத்த வியாபாரி கிட்டுசாமி.

“நெசந்தானுங்க. எடுத்த கையோட சாஞ்சுட்டாராமா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கப் போயிட்டா கடைய ஆருங்க பாக்கறது?”

நடுவில், டீக்கடை பொன்னாத்தாள். “காதுல ரத்தமுங்க. பாவம், டீ ஆறிப்போனாக்கூட ஒரு வார்த்த சொல்லாத மனுசன்.”

அடியில், ஆட்டோக்காரர் வெள்ளியங்கிரி. “போனு கையோட ஒட்டிக்கிச்சாமாங்க. பிரிக்கவே முடியலியாமா.”

மூன்றும் தேறின. மரணம் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்று சொல்லிக் கம்பெனி வேன்களில் ஆட்களை ஏற்றி வந்திருந்தார்கள். தீனதயாளன், ஞானசம்பந்தத்தின் ஆய்வுமுறையைக் கேட்டுச் சொக்கிப்போனார். “நாட்டிலேயே களத்தில் சரிபார்க்கப்பட்ட முதல் மரணம்” என்று அறிவித்து, மறைந்த தொழிலாளிக்கு ஒரு நிமிட மௌனம் கேட்டார். எல்லோரும் எழுந்தார்கள். மூன்றாவது வரிசையில் புதிதாக மொட்டை போட்ட ஒருவர், மற்றவர்களைவிடப் பயபக்தியாகத் தலைகுனிந்து நின்றார்.

பிறகு ஞானசம்பந்தம் மைக்கைப் பிடித்தார். “உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்த அயர்ன் மாஸ்டர் பாண்டித்துரை...”

மொட்டைத்தலை மறுபடி எழுந்தது. “சார், அது நான்தான்.”

“எது நீயி?”

“செத்தவன்.”

அரங்கம் தீனதயாளனைப் பார்த்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒரே ஒரு சான்றை வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்தப் பக்கம் மூன்று சான்றுகள் இருக்கின்றன.”

“கெடாவெட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன் சார். எங்க கான்ட்ராக்டர் சாவுன்னாத்தான் லீவு குடுப்பாரு. எதையாச்சும் சொல்லிருடான்னு இவன்கிட்டச் சொல்லிட்டுப் பஸ் ஏறுனேன்.”

பக்கத்தில் இருந்த அறைத்தோழன் முனீஸ் நாற்காலிக்குள் முங்கப் பார்த்தான். முடியவில்லை. “நான் என்னண்ணே செய்ய? ஒங்க அப்பத்தாவ ரெண்டு தடவ கொன்னாச்சு. பெரியப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் முடிஞ்சாங்க. டீக்கடையில வச்சு கான்ட்ராக்டர் திடீர்னு கேட்டாரு. மிச்சம் நீ ஒருத்தன்தான் இருந்த. செவப்பு நம்பர் கத அப்பத்தான் போன்ல வந்துச்சு.”

“டீக்கடையில வேற ஆரு இருந்தா?” ஞானசம்பந்தத்தின் குரல் மைக்கிலேயே மெலிந்து வந்தது.

“பொன்னாத்தாக்கா டீ ஆத்துச்சு. பெஞ்சுல கிட்டுசாமி ஐயாவும் ஆட்டோக்காரரும்.”

மேலே, நடுவில், அடியில் என்று அவர் உருவிய மூன்றும் ஒரே பெஞ்சுச் சரக்கு.

சாப்பாட்டுப் பந்தியில் பாண்டித்துரை அவர் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். காலையில் பஸ் இறங்கி நேரே வேலைக்குப் போனபோது அவருடைய அயர்ன் டேபிளில் வேறு ஆள் நின்றதாம். கான்ட்ராக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எக்ஸ்பர்ட் விசாரித்துப் பாஸ் செய்த சாவு, எக்ஸ்பர்ட் வாயாலேயே கேன்சல் ஆகட்டும் என்றாராம். எதைக் கேன்சல் செய்யச் சொல்கிறார் என்பதே அப்போது புரியவில்லையாம்.

“எனக்காக ஒரு நிமிசம் பேசாம நின்னீங்கள்ல சார். எனக்கு நானே வேற நின்னிருக்கேன். அது செல்லாது. அந்த ஒரு நிமிசத்த கான்ட்ராக்டர்கிட்டப் பேசிக் கழிச்சிருங்க. இவன் உசிரோட இருக்கான்னு சொன்னாப் போதும்.”

“அதுக்கென்ன கண்ணு, நாளைக்கே சொல்லீர்றேன்,” என்றார் ஞானசம்பந்தம்.

சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் தாம் பாஸ் செய்த சரக்கு திரும்பி வந்துவிட்டது என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும். பாண்டித்துரை இப்போது வேறு கம்பெனியில் அயர்ன் போடுகிறார். காதர்பேட்டையில் எதிரே கண்டால், அந்த ஒரு நிமிடம் என்னாச்சு என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறார். ஞானசம்பந்தம் தலையை ஆட்டி, நாளைக்கு என்று சைகை செய்துவிட்டு நடையைக் கூட்டுகிறார்.