மனோலோவை எப்படி அழைப்பது: பாடனிலிருந்து சமேடான் வரை

நவம்பர் நடுவில் சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்குக்கு யாரும் உல்லாசம் போவதில்லை. ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும். நான் போனது மனோலோவுக்காக. டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவிய ஸ்பானியர் அவர். என்னுடைய அரைகுறை ஸ்பானிஷ் அவர் தந்தது. இப்போது சமேடானில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மறதி நோயில் ஜெர்மன் முழுவதும் போய்விட்டது. ஸ்பெயினில் அவர் மனைவி இறந்துவிட்டார், அதை அவருடைய மொழியில் சொல்ல இங்கே ஆளில்லை, வர முடியுமா என்று இல்லத்தில் இருந்து கேட்டார்கள்.

காலை ஏழு மணிக்குப் பாடனில் ஏறினேன். சூரிச்சிலும் கூரிலும் மாற வேண்டும். கூரிலிருந்து மலை ரயில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், பெரிய கல்பாலம் நன்றாகத் தெரியும். நான் அதைக் கவனிக்கவேயில்லை.

ஸ்பானிஷில் நெருங்கியவருக்கு ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’. மனோலோ என்னைவிட இருபது வயது மூத்தவர். ‘தூ’ என்று கூப்பிடு என்று அந்த நாளில் கெஞ்சுவார். எனக்கு வாய் வராது. தமிழ்க் காதுக்கு அது துப்புவது போலவும் இருக்கும். “கந்தோர்க்காரி மாதிரிக் கதைக்கிறாய்” என்பார், அலுவலகப் பேச்சாம்; முகம் வாடிவிடும். சாவுச் செய்தியையும் கந்தோர்க்காரி மாதிரியே சொல்வதா? கூரில் நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“மூத்த மனிசனை நீ எண்டு சொல்லுவீரோ?” என்றார்.

“நீங்கள் எனக்குச் சொல்லுற ‘நீர்’ மாதிரி நடுவிலை ஒண்டும் அவையளிட்டை இல்லையப்பா.”

“அப்ப நீ எண்டே சொல்லும். செத்தது அந்தாளின்ரை மனிசி.”

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இல்லம். மனோலோ ஜன்னலோரம் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக ‘தூ’ போட்டுச் சொன்னேன்: “மனோலோ, உன்ரை மனிசி செத்திட்டா.” சொன்னதும் எனக்குத்தான் அழுகை வந்தது.

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற பணிவோடு, ‘உஸ்தெத்’ போட்டுக் கேட்டார்.

“அழாதேங்கோ. செத்தவ உங்களுக்குச் சொந்தமோ?”

ஓம் என்றேன்.

இந்த மாதத்தில் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், திறந்த கடைகள் குறைவு. ரயிலில் குளிராது, நடைமேடையில் குளிர் எலும்பில் ஏறும். பழைய ஆட்களைப் பார்க்கப் போவதென்றால் காலநிலை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் உங்களை ‘நீ’ என்று கூப்பிடுகிற காலத்திலேயே போய்விடுங்கள். நான் வெளிக்கிடும்போது மனோலோ எழுந்து நின்று வழியனுப்பினார், விருந்தாளியை அனுப்புவதுபோல. நானும் ‘உஸ்தெத்’ என்றே விடைபெற்றேன். இனி எங்களுக்குள் அதுதான் முறை.