பாலத்துக்கு டாலரன்ஸ் கிடையாது

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிளிங் இன்சார்ஜாக இருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள், "எஸ்தரக்கா, உங்க சர்வீஸ்லயே பெரிய டென்ஷன் எது?" என்று கேட்பார்கள். ஷிப்மென்ட் லேட்டானது, சாயம் ஷேட் மாறியது என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் கேரளாவில் பாலத்தடியில் சிக்கிய பாய்மரப் படகைத்தான் சொல்வேன்.

இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்தாக இருக்கும். வெளிநாட்டு பையர் ஒருவர் கோடு போட்ட டி-ஷர்ட் ஆர்டரைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, "கேட்டலாக் போட்டோ ஒரு சின்ன பாய்மரப் படகில் வேண்டும், சாம்பிளோடு எடுத்து அனுப்புங்கள்" என்று மெயில் போட்டுவிட்டார். எங்கள் ஊர் நொய்யல் ஆற்றில் எங்கே பாய்மரப் படகு ஓட்டுவது? சாயத்தண்ணியில்தான் ஓட்ட வேண்டும். முதலாளி கொச்சிப் பக்கம் ஒரு படகை வாடகைக்குப் பிடித்தார்.

சாம்பிள் ஒரே ஒரு செட்தான். நூலில் சாயம் ஏற்றி, கோடு எண்ணி ஓட்டிய துணி. அதில் ஒரு கர்ச்சீப் தைக்கக்கூட மிச்சம் இல்லை. அந்த செட் போனால் ஆர்டர் போச்சு. அந்த ஆர்டரை நம்பி ஒரு லைன் டெய்லர்களை வேறு எடுத்திருந்தோம்.

படகு நின்ற இடத்திலிருந்து கால்வாய் வழியாகப் போய், காயல் என்று அவர்கள் சொல்லும் பெரிய உப்பங்கழியில் படம் எடுக்க வேண்டும். படகில் முதலாளி, நான், போட்டோகிராபர், படகுக்காரர் வர்க்கீஸ். கூடவே சாம்பிள் கார்ட்டன்களும், லைட்டுக்கு ஒரு ஜெனரேட்டரும். கால்வாயில் பாலங்கள் தாழ்வு. பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்த்து கேபின் கூரைக்கு மேலே படுக்கப் போட்டுவிடுவார் வர்க்கீஸ். ரெண்டு பாலம் சுலபமாகத் தாண்டினோம். மூன்றாவதில் அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"வேண்டா சாரே. வெள்ளம் ஏறுது. சாயந்திரம் இறங்கும், அப்போ போகாம்."

அவர்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். சாயந்திரம் போட்டோகிராபருக்கு ரயில். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அரை இஞ்சு இடிக்கும் போலிருக்குதுங்க. அரை இஞ்சு டாலரன்ஸ் எதுலதான் இல்ல? போங்க சேட்டா, போயிருமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியனில் நெஞ்சளவு அரை இஞ்ச் கூடினால் பையர் விட்டுவிடுவார்; அதற்குப் பெயர்தான் டாலரன்ஸ். அதே பழக்கத்தில் பாலத்தையும் பேசுகிறார் இந்த மனுஷன்.

"முதலாளி, அது என்ன பனியனா, இழுத்தா வர்றதுக்கு? காங்கிரீட்டு!"

"நீங்க சித்த சும்மா இருங்க சாமி."

வாடகை கொடுத்தவர் சொல்கிறார்; வர்க்கீஸ் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். பாதி தூரம் போனது. பிறகு தலைக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம். பாய்மரம் பாலத்தின் அடியில் இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே தண்ணீர் தூக்குகிறது, மேலே பாலம் அமுக்குகிறது. கேபின் கூரைப் பலகை முனகியது.

"வெயிட்டக் குறைங்க! வெயிட்டக் குறைங்க!" என்று முதலாளி கத்தினார். படகின் பின்பக்கம் கரைப் படிக்கட்டை ஒட்டி நின்றது. அவரும் போட்டோகிராபரும் ஜெனரேட்டரைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். நான் கார்ட்டன்களை இறக்கினேன். படகு உடைந்தாலும் என் சாம்பிள் தப்பட்டும் என்றுதான் எனக்கு.

கூரையில் ஒரு பலகை படீரென்று பிளந்தது.

"எந்தா இது!" வர்க்கீஸ் தலையில் அடித்துக்கொண்டார். "சாமான் எறக்கினா படகு மேல பொங்கும்! ஏத்தணும்! கனம் ஏத்தணும்!"

அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நாங்களே படகை நசுக்கிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் திரும்ப ஏறியது. என் கையில் சாம்பிள் கார்ட்டன். கரையில் விட்டால் பத்திரம். ஆனால் படகு இல்லாமல் படம் ஏது? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். அதுவும் போதவில்லை.

பாலத்தின் மேலே ஒரு கூட்டம் குனிந்து வேடிக்கை பார்த்தது. நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. என் வாயைப் பற்றிக் கம்பெனியில் போகாத புகார் இல்லை.

"என்னய்யா, சினிமாவா காட்டுறோம்? பாத்துக்கிட்டு நிக்கிற நேரத்துக்கு எறங்கி வந்து படகுல உக்காருங்க! ஏ அம்மா, நீயும் வா, கூடையோட வா!"

மீன்காரி ஒருத்தி கேட்டாள்: "எங்கோட்டு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்!"

"அதுக்கு நடந்தா போதுமே!"

"நடந்தா நீ போயிருவ, நாங்க போக மாட்டோம். ஏறு தாயி!"

கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே இறங்கி வந்தது. சைக்கிள்காரர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், மீன்காரி. ஒவ்வொருவராக ஏற ஏற படகு அமிழ்ந்தது. பாய்மரத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு ஒரு விரல் நுழைகிற இடம் கிடைத்தது. எல்லோரும் கையைத் தூக்கிப் பாலத்தின் அடியைத் தள்ளினோம். படகு நகர்ந்து மறுபக்கம் வெயிலுக்கு வந்தது. முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பிப் பார்த்தால் மீன்காரி என் சாம்பிள் கார்ட்டன் மேல் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடைத் தண்ணீர் சொட்டி மேலே இருந்த நாலு பீஸ் ஈரம். காயலுக்குப் போகிற வழியிலேயே அலசி, பாய்க்கயிற்றில் காயப்போட்டேன். அந்த நாலும் கயிற்றில் ஆடுகிறதையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டார் போட்டோகிராபர். படகுக்குப் பலகை மாற்றிக் கொடுத்தார் முதலாளி.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வேலை சிக்கிக்கொண்டால் முதலில் ஓடிப்போய் எதையாவது செய்யாதீர்கள். நாம் தள்ளுகிற பக்கம் சரியான பக்கமா என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

படம் பையருக்குப் பிடித்துவிட்டது. சாம்பிளும் ஓகே. ஒரே ஒரு கமென்ட் வந்தது: கழுத்து அரை இஞ்ச் அகலம். மெயிலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"அரை இஞ்சு தானுங்களே, டாலரன்ஸ்ல..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மாத்திருங்க எஸ்தரு" என்றார்.