மூலையில் போய் நின்ற ஞானமணி நர்ஸம்மா

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பாக்கியமாகிய நான், என் வீட்டுக்காரர் கோவிந்தன், கொழுந்தனார் ராசமாணிக்கம், பூசாரி சின்னத்தம்பி, ஞானமணி நர்ஸம்மா. நர்ஸம்மா மலைமேல் கரியாலூரில் இறந்துவிட்டதாகப் போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அவங்க கையில் பிறந்தவர்களே, நீங்கள் மாலையோடு போயிருப்பீர்கள். நான் மூணாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை.

அது நடந்தது, இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம். சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் சத்தமே இல்லை. கூடு போன காக்கைகள், மரம் இருந்த வெறும் இடத்தையே பட்டப்பகலில் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

அதற்கு முன்பே மாசக்கணக்கில் என் வீட்டுக்காரர் வேலியோரம் ஒண்ணுக்குப் போனால் நின்றபடியே நிற்பார். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எரியும். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டார். அன்று காலையிலிருந்து சொட்டுகூட இல்லை. அடிவயிறு பானை போல ஏறிவிட்டது. கத்தி ஓய்ந்து, வடக்கு மூலையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பூசாரி வாசற்படியைத் தாண்டவில்லை. "சத்தம் போடாதீங்க. ஒருத்தி புடிச்சிக்கினு இருக்கா. தோ, அந்த மூலையில நிக்கறா."

பார்த்தோம். வெறும் சுவர். ஆனாலும் யாருக்கும் அந்தப் பக்கம் கால் போகவில்லை.

நான் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன். பிரசவம் பார்க்கிறவங்க. கர்ப்பிணிக்குப் பார்ப்பது போலவே வயிற்றைத் தடவி, விரலால் தட்டி, "எட்டு மாசம் இருக்கும்போல" என்றாங்க. யாரும் சிரிக்கவில்லை. "மூத்திரம் கட்டிக்கிச்சு. குழாய் போட்டு எடுக்கணும். இல்லன்னா ஆள் தங்கமாட்டாரு."

"பொம்பள போயி அங்க தொடுவியா? இன்னா பேச்சு இது?" என்று கொழுந்தனார் எகிறினார்.

"அவ நிக்கறாம்மா, வேணாம்" என்றார் பூசாரி.

நர்ஸம்மா நேராக அந்த மூலைக்குப் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றாங்க. "இப்ப நான் நிக்கறேன். பாக்கியம், தண்ணி கொதிக்க வைம்மா."

பிரசவக்காரிகளுக்கு வைத்திருந்த ரப்பர் குழாய் அது. பாதியில் நின்றது. "மணல்ல போற மாதிரி நறநறங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாங்க. பிறகு இறங்கியது, இரண்டு சட்டி. அடியில் பழுப்பாய், கடுகு போலக் குருணை.

ரோடு திறந்ததும் கள்ளக்குறிச்சி டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். மூத்திரப்பைக்குக் கீழே ஆம்பளைக்குப் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பியாம், அதில் கற்கள். "கல்லு நெறைய பேருக்குச் சும்மாவே கெடக்கும். இவருக்குச் சுரப்பியும் வீங்கி வழிய நெரிச்சிடுச்சு. அந்தம்மா குழாய் போடலன்னா போயிருப்பாரு" என்றார்.

அதற்குள், ஆம்பளையைத் தொட்ட நர்ஸ் வேண்டாமென்று ஊரில் மனு எழுதிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். "அந்தம்மா என் உசுரக் காப்பாத்துச்சு" என்று ஒரு வார்த்தை போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றார். நான் எழுந்தேன். "உக்காரு" என்று அதட்டினார்கள். நர்ஸம்மாவை மலைக்கு மாற்றிவிட்டார்கள்.

பஸ் ஏறும்போது என் காதருகே சொன்னாங்க: "அந்த மூலையில ஒண்ணுமில்ல பாக்கியம். ஆனா நின்ன நேரம் முழுக்க முதுகு சில்லுனு இருந்துச்சு." யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் நான் வைத்திருப்பது அதைத்தான். பயந்துகொண்டேதான் நின்றிருக்காங்க.

பூசாரியை விட்டுவிட்டேன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. கொழுந்தனாரை அவர் செத்தபிறகு விட்டுவிட்டேன். மன்னிக்காதது ஒரே ஒருவரை. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையிலிருந்து "யாரு செத்தது? யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற கோவிந்தனை.