ரோலண்ட் ஏற்றாத விலை

ரோலண்ட் பெனட்டோவைப் பற்றிக் கனடாவின் வின்சர் ஊரில் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சொன்ன சொல் மாறாத மனிதர் என்பார்கள். இன்னொரு தரப்பு, அந்த ஆள் ஒரு பிடிவாதக்காரக் கிழம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடும். இரண்டும் உண்மைதான். இரண்டும் ஒரே குணம் என்பது அவர் மனைவி கோலெட்டுக்கு மட்டும் தெரியும்.

அவர் பின்பால் மெஷின் விற்றுப் பிழைத்தவர். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு ஓடும். இரண்டு பக்கப் பொத்தான்களையும் அழுத்தி, அது குழிக்குள் விழாமல் தட்டித் தட்டி விளையாட வேண்டும். காலேஜ் பையன்கள் வாங்கும் சாமான் அல்ல. வீட்டுக் கடனை அடைத்து முடித்த ஆண்கள், பெண்டாட்டியிடம் சண்டை போட்டு பேஸ்மெண்ட்டில் இடம் பிடித்து, ஒரு கார் வாங்கக்கூடிய காசைக் கொட்டி வாங்குவார்கள். ஒன்று வாங்கினால் நிற்காது. அப்படி ஒரு கிறுக்கு.

மெஷின் செய்வது சிகாகோவில். பில் அமெரிக்க டாலரில் வரும். ரோலண்ட் விற்பது கனடா டாலரில். நடுவில் இருக்கும் ரேட்தான் லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கும். எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட். காலையில் ரேடியோவில் பனி எவ்வளவு பெய்யும் என்பதோடு டாலர் என்ன விலை என்பதையும் கேட்டுவிட்டுத்தான் காபியில் வாய் வைப்போம்.

கோலெட் அக்கரையில் நர்ஸாக இருந்தவள். முப்பது வருஷம் ஆற்றுக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதை பஸ்ஸில் போய் வந்தாள். சம்பளம் அமெரிக்கக் காசில். அதில் ஒரு பங்கை டெட்ராய்ட் பேங்கிலேயே விட்டுவிடுவாள். ரிட்டயர் ஆனதும் குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவில் தங்கை ஜனீனோடு இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஜனீன் அங்கே ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தாள். கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. ரோலண்ட் அதைத் தொட்டதில்லை.

கடைக்கும் கோலெட் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மெஷினுக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்தால், அந்த வாரமே அதை அமெரிக்க டாலராக மாற்றிவிடுவாள். பிறகு ரேட் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. நுரையீரல் கெட்டு அவள் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அந்த வேலை ரோலண்ட் கைக்கு வந்தது. அவருக்கோ பழைய நினைப்பு. ஒரு காலத்தில் கனடா டாலர் அமெரிக்க டாலரோடு சமமாக நின்றது, ஒரு கோடையில் அதையும் தாண்டியது. அப்போது மலிவாக மெஷின்களை இறக்கி நல்ல காசு பார்த்தார். அன்றிலிருந்து டாலர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துவிட்டது.

2014-ல் இலை உதிரும் நேரத்தில் சிகாகோக்காரன் ஒரு புது மெஷினை அறிவித்தான். பதினொரு பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். ரோலண்ட் ஒவ்வொருவரிடமும் விலையைச் சொல்லிக் கை குலுக்கினார். வசந்தத்தில் வரவேண்டிய மெஷின் கோடைக்குத் தள்ளிப்போனது, கோடையிலிருந்து குளிருக்குத் தள்ளிப்போனது. இதற்கிடையில் எண்ணெய் விலை சரிந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெயை நம்பி நின்ற நம் டாலரும் கூடவே படுத்துவிட்டது.

"அட்வான்ஸ் காசை மாத்திட்டியா, ரோலி?" என்று கோலெட் அடிக்கடி கேட்பாள்.

"மாத்தலாம், மாத்தலாம். இப்ப மாத்தினா கையைக் கடிக்கும். நம்ம டாலர் கொஞ்சம் ஏறட்டும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

"இத்தனை வருஷமா நான் பாக்காத டாலரா? போன மாதிரியே திரும்பி வரும் பாரு."

வரவில்லை. 2016 ஜனவரியில் லாரி நிறைய மெஷின் வந்து இறங்கியபோது, ஒரு அமெரிக்க டாலர் வாங்கக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கனடா டாலர் கொடுக்க வேண்டும் என்ற நிலை. டொராண்டோ கடைக்காரர்கள் அத்தனை பேரும் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, கூடுதல் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ரோலண்ட் ஒருவருக்கும் போன் பண்ணவில்லை. கை குலுக்கிச் சொன்ன விலை சொன்ன விலைதான். சிகாகோ பில்லுக்குக் குறைந்த பணத்தை கோலெட்டின் டெட்ராய்ட் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார். வசந்தத்தில் நம் டாலர் ஏறும், சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். அவர் திருடனில்லை. ஆனால் செய்த காரியத்துக்கு வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஜனீனுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று சேதி வந்தது. பக்கத்து டிரெய்லர் வாடகைக்குக் காலியாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்றாள் ஜனீன். கோலெட் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

"வாடகை இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. என் மூச்சு இருக்கிற லட்சணத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லாம அந்த ஊருல காலை வைக்க முடியாது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில படுத்தா வீட்டை வித்துத்தான் கட்டணும், அங்க வேலை பாத்தவ சொல்றேன். நாளைக்கு அக்கரைக்குப் போய்ப் பணத்தை எடுத்துட்டு வந்துடு, ரோலி."

ரோலண்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ரேட்டு ரொம்ப மோசமா இருக்கு, கோலெட். வசந்தம் வரட்டுமே," என்றார்.

கோலெட் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என் காசு அமெரிக்கக் காசு. செலவழிக்கப் போறதும் அமெரிக்காவுல. அதுக்கு ரேட்டு என்னத்துக்கு?"

வாழ்நாள் முழுக்க ரேட்டைப் பார்த்தே பேசிப் பழகிய வாய் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். ரோலண்ட் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கோலெட் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

"பதினொரு பேருக்கும் போன் பண்ணு. ஊர்ல எல்லாரும் கேக்கறதைத்தானே கேக்கப் போறே. பாதி பேர் குடுத்தாக்கூட நான் கிளம்பிடுவேன்."

"கை குடுத்துட்டேனே, கோலெட்."

"எனக்குக் கூடத்தான் குடுத்தே. பாதிரியார் முன்னாடி."

பத்து மெஷின் ஏற்கெனவே வாங்கியவர்கள் வீடு சேர்ந்திருந்தது. கடைசி மெஷின் சாத்தம் ஊரில் ட்ரெவர் என்பவனுக்குப் போக வேண்டியது. அவனிடமிருந்து ஆரம்பிக்கிறேன் என்று ரோலண்ட் ஒப்புக்கொண்டு வேனை எடுத்தார். வழியெல்லாம் தனக்குத் தானே பேசிப் பார்த்தார். 'தம்பி, தப்பா எடுத்துக்காதே. காலம் அப்படி இருக்கு.' வேன் ஓட்டும்போது சுலபமாக வந்தது.

ட்ரெவர் வீட்டில் நாலைந்து சிநேகிதர்கள் பீரும் கோழி வறுவலுமாகக் காத்திருந்தார்கள். மெஷினைப் படியில் இறக்கி, காலைப் பொருத்தி, மட்டம் பார்த்து, ரோலண்ட் நிமிர்ந்தபோது ட்ரெவர் அவர் தோளில் கையைப் போட்டான்.

"டேய், இவரைப் பாருங்கடா! டொராண்டோக்காரன் எல்லாம் நம்ம கழுத்தை அறுக்கறப்போ, சொன்ன விலைக்குக் கொண்டு வந்து குடுத்திருக்கார். இந்த ஒன்டாரியோவுலயே ஒரே யோக்கியன் இவர்தான்."

எல்லோரும் பாட்டிலைத் தூக்கினார்கள். ரோலண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. "அதுக்கென்ன தம்பி, பேச்சு பேச்சுதானே," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

"கேட்டியா?" என்றாள் கோலெட், கதவைத் திறந்ததும்.

"அவன் வீட்டுல ஆளுங்க இருந்தாங்க."

"சரி." அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்ற பத்துப் பேருக்கும் போன் போகவில்லை. கையில் மிச்சமிருந்த பணம் கரண்டுக்கும் மாத்திரைக்கும் போனது. ரோலண்ட் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏப்ரல் வரைக்கும் பொறு. உன்னை நானே கூட்டிட்டுப் போய் விடறேன்." அவள் பொறுத்தாள். ஜனீன் போனில் கூப்பிட்டு, "வெயில் நல்லா இருக்கு. உனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன், எப்ப வர்றே?" என்று கேட்பாள். "ஏப்ரல்ல வந்துடறேன்டி. இங்க டாக்டர் ஏதோ டெஸ்ட் எழுதியிருக்கார்," என்பாள் கோலெட். புருஷனைத் தங்கையிடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ரோலண்ட் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. ட்ரெவர் மெஷினை விற்கிறான், இன்றைய விலைக்கு. ரோலண்ட் போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கோலெட் அங்கேயே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, அதுக்குள்ள விக்கறே?"

"ஆமாங்க, நல்ல விலை போகுது. லாபம் ரெண்டாயிரத்துக்கு மேல நிக்கும்போல." அவன் குரலில் கூச்சமே இல்லை. "உங்ககிட்டயே கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஏன் எங்ககிட்ட கூடுதலாக் காசு கேக்கலை? மெஷின் வந்து எறங்கின அன்னிக்கு ரெண்டாயிரம் எடுத்துத்தான் வச்சிருந்தேன். எல்லாக் கடையிலயும் கேக்கறாங்களே, இவரும் கேப்பார்னு நெனச்சேன். நீங்க பேச்சே எடுக்கலை. சரி, வேண்டாம்போலன்னு விட்டுட்டேன்."

ரோலண்ட் போனை வைத்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கோலெட் உரித்த கிழங்கையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஜனீன் போய்விட்டாள். அவள் மகன் போனில் சொன்னான். எரித்துச் சாம்பலைக் கடலில் விடப்போவதாகவும், பெரியம்மா உடம்பை அலட்டிக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொன்னான். கோலெட் மூன்று நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. ரோலண்ட் சூப்பைக் கொண்டுபோய்க் கதவருகில் வைப்பார்; ஆறிய பிறகு எடுத்து வருவார்.

ஏப்ரலில் டாலர் ஏறியது. ரோலண்ட் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது. எண்ணெயும் ஏறியது, நம் டாலரும் மளமளவென்று ஏறியது. அவர் கடையில் தனக்கென்று வைத்திருந்த பழைய மெஷின்கள் அத்தனையையும் விற்றார். வேனையும் விற்றார். பணத்தை மாற்றிக்கொண்டு, கோலெட் போய் வந்த அதே சுரங்கப்பாதை பஸ்ஸில் அக்கரைக்குப் போய்க் கணக்கில் கட்டினார். சாயங்காலம் பேங்க் ரசீதை அவள் முன்னால் வைத்தார்.

"எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன், கோலெட். ஒரு சென்ட் குறையாது. வர்ற குளிருக்கு நீ ஃப்ளோரிடா போகலாம்."

கோலெட் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரசீதை முழுக்கப் படித்தாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோபம் துளியும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவரைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க எனக்கு யாரு இருக்கா, ரோலி?"