வெள்ளத்துக்குக் கட்டிய முன்பணம்

எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர் அவர். உறவுக்காரர்கள் சுருக்கமாக ‘கம்பி’ என்பார்கள். பட்டறை வீட்டுக்குள்ளேயே. ஒரு மூலையில் மனைவியின் சமையல். மறு மூலையில் வார்னிஷ் காயவைக்கும் அடுப்பு. எந்த அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் புகையில் அவளுக்கு இருமல்தான்.

போன வருடம் வெள்ளம் வந்தது. ஊரிலிருந்த மோட்டார் அத்தனையும் முங்கியது. ஊர் அழுதது, இவர் வருமானம் நாலு மடங்கானது. உறவில் ஒருவர்கூட அதன் பிறகு ‘கம்பி’ என்று கூப்பிடவில்லை. வரி அலுவலகமும் தன் பங்குக்கு மரியாதை செய்தது: இந்த வருடமும் அதே அளவு சம்பாதிப்பீர்கள் என்று நம்பி, வரியை நாலு தவணையாக முன்கூட்டியே கட்டச் சொன்னது.

அவருக்குக் கணக்கு எழுதுபவன் மனைவியின் தம்பி. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“வருமானம் குறையும்னு எழுதிக் குடுங்க மாமா. விட்டுடுவாங்க.”

“எவ்வளவு குறையும்னு எழுத?”

“குத்துமதிப்பா ஒண்ணு போடுங்க.”

“குத்துமதிப்பா சுத்தினா மோட்டாரே புகையும், மாப்ள. இந்த வருஷம் வெள்ளம் வராதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

நியாயமான சந்தேகம்தான். ஆனால் உண்மையான சங்கடம் வேறு. பழையபடி ‘கம்பி’ ஆகிவிட்டேன் என்று தன் கையாலேயே எழுத வேண்டும். அதற்குப் பதில் முதல் தவணையை முழுசாகக் கட்டிவிட்டு வந்தார்.

கட்டிய பிறகு மனிதர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேகம் கறுத்தால் முகம் வெளுக்கும் ஊரில் இவர் முகம் மட்டும் மலர்ந்தது.

“ஊரே மழை வலுக்கக் கூடாதுன்னு தவிக்குது,” என்றாள் மனைவி இருமிக்கொண்டே. “நீங்க என்னடான்னா குடுத்த கடனைக் கேக்கப் போனவர் மாதிரி வாசல்ல நிக்கிறீங்க.”

வானம் கடனைத் திருப்பவில்லை. தூறலோடு சரி. இரண்டாம் தவணை நெருங்கியது. அதே வாரத்தில் மெயின் ரோட்டுக் கடை ஒன்று காலியானது. பட்டறையை அங்கே மாற்றிவிட்டால் வீட்டில் மூச்சு விடலாம். கையில் இருந்த பணமோ ஒன்றுக்குத்தான் காணும்: தவணை, இல்லை கடைக்கு அட்வான்ஸ். அன்றிரவு மனைவி இருமி இருமி உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

காலையில் பணத்தோடு வரி அலுவலகம் போனார். கவுன்டரில் நின்று வெகு நேரம் யோசித்து, குறைத்து மதிப்பிடும் படிவத்தை வாங்கினார். காரணம் கேட்ட இடத்தில் ‘ஊர் நனையவில்லை’ என்று எழுதினார்.

குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார். “இதுக்கு நான் சந்தோஷப்படணுமா, துக்கம் விசாரிக்கணுமா?”

“தவணை எவ்வளவுன்னு சொல்லுங்க சார்.”

“இந்த வருமானத்துக்கா? நீங்க முதல்ல கட்டினதே வருஷம் பூராவுக்கும் போதும். மிச்சம்கூட வரும். எதுக்குங்க அவ்வளவு அவசரப்பட்டுக் கட்டினீங்க?”

அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

வீட்டுக்கு வந்து பணத்தை அப்படியே மனைவி கையில் வைத்தார்.

“என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“உள்ளதைத்தான்.”

“அதுக்கு இத்தனை மாசமா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவர் மறுபடியும் பணக்காரர் ஆகிவிடுவதற்குள் கடைச் சொந்தக்காரரைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.