தட்டு போகாத தீபாவளி

ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் எழுதியிருந்தார். ரிசார்ட் ஒன்றில் வேலை பார்க்கிறவர். 'சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸிலும் பலகாரத் தட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாவற்றுக்கும் இனி இதுதான். எவ்வளவு மிச்சம் தெரியுமா? உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்!'

இந்தக் கதையை எழுதாமல் தீபாவளியிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். இப்போது நன்றி வேறு வந்து சேர்ந்துவிட்டது. இனியும் மறைப்பது தப்பு.

தீபாவளிக்கு முன்பு இந்தப் பத்தியில் நான் என்ன எழுதினேன்? படிக்காதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

போர்ட் பிளேயரில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் எட்டு வீடுகள். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் — எல்லாம் உண்டு. சண்டையும் சமாதானமும் ஹிந்தியில். தீபாவளி காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற ஏழு வீடுகளுக்கும் பலகாரத் தட்டு போகும். போன தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. அவர்கள் ஒன்று வைக்க, நாம் ஒன்று வைக்க... மத்தியானம் வரை படிக்கட்டில் ஆளுக்கு ஆள் முட்டிக்கொள்வோம்.

போன வருஷம் என் மனைவி சுமதி செய்த ரவா லட்டு மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? திராட்சைக்குப் பதிலாக அவள் கிராம்பு குத்துவாள். அந்தக் கிராம்போடு மூன்று வீடு சுற்றிவிட்டு, ஓரமெல்லாம் உதிர்ந்து வந்திருந்தது. பிறகு அதை எறும்பு தின்றது.

கடலை மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் நமக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்க வேண்டும். கப்பல் நாலு நாள் லேட் என்றால் தக்காளி விலையைக் கேட்டே தலை சுற்றுகிற ஊர் இது. அப்படி வந்த சாமானைப் பொரித்தெடுத்துக் குப்பையில் கொட்டலாமா?

கட்டிடத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு யோசனை போட்டேன். இந்த வருஷம் தட்டு கிடையாது. வீட்டுக்கு ஓர் ஐட்டம். தலையை எண்ணிச் சமைப்போம், சாயந்திரம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஒன்றாகச் சாப்பிடுவோம். மளமளவென்று எல்லோரும் சம்மதம் சொன்னார்கள். அதைத்தான் இங்கே பெருமையாக எழுதினேன். நீங்களும் தாராளமாகப் பாராட்டினீர்கள்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு — பாக்கியம் அக்கா.

கீழ் வீட்டில் தனியாக இருப்பவர். அறுபதைத் தாண்டியவர். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றார். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தீபாவளிக்கு அவர் தட்டில் வருவது தொதல். அரிசி மாவு, தேங்காய்ப் பால், வெல்லம் போட்டுக் கை ஒடியக் கிண்டிய கறுப்பு அல்வா. பல்லில் ஒட்டினால் லேசில் விடாது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் முதலில் குப்பைக்குப் போனது அந்தத் தொதல்தான். அதனால் ஐட்டம் பிரித்தபோது அக்காவுக்கு மட்டும் நான் எதையும் ஒதுக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன்.

"முட்டி வலியோட நீங்க அடுப்புல நிக்க வேணாங்க்கா. சும்மா வந்து சாப்பிடுங்க, போதும்."

"சரிங்க தம்பி" என்றார். ரெண்டு படி ஏறியிருப்பேன். "கொஞ்சமா கிண்டட்டுங்களா?" என்று பின்னாலேயே குரல் வந்தது.

"எதுக்குக்கா... வீணாயிரும்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

தீபாவளி வந்தது. காலையில் எத்தனை நிம்மதி! தட்டு துடைக்க வேண்டாம், பேப்பர் நாப்கின் மடிக்க வேண்டாம். சுமதி எட்டு மணிக்கே கால் நீட்டி டிவி பார்த்தாள். "உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையைக் கேட்பது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பகலில் இரண்டு முறை கீழே போய் வந்தேன். ஒரு தடவை ஐஸ் வாங்க, ஒரு தடவை பேப்பர் பிளேட் வாங்க. பாக்கியம் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கோலம் இல்லை. பார்த்தேனே! பார்க்காமல் இல்லை. முட்டி வலி, குனிய முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடியே படியேறினேன்.

மொட்டை மாடி களைகட்டியது. தெலுங்கு வீட்டுப் புளியோதரை, ஜோசப் வீட்டுக் கோழி வறுவல், மேல் வீட்டு வங்காளி அம்மாவின் பாயசம். அந்த அம்மாவைக் கட்டிடமே 'பௌதி' என்றுதான் கூப்பிடும், அவர்கள் மொழியில் அண்ணி. அவர்தான் முதலில் கேட்டார், "மாசி நஹீ ஆயா?" சித்தி வரவில்லையா என்று. மாசி என்றால் பாக்கியம் அக்கா.

"வராதது நல்லதுதான் பௌதி, கால் வலியில இத்தனை படி ஏறணும்ல? அப்புறமா டப்பாவுல போட்டுக் கொடுத்திரலாம்" என்று ஹிந்தியில் நானே பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

எட்டு மணிக்குப் பாத்திரங்கள் சுத்தமாகக் காலி. ஒரு பருக்கை மிச்சமில்லை. வரிசையாக வைத்து போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன் — 'ஜீரோ வேஸ்ட்!' மாசிக்குத் தனியாக எடுத்து வைத்த டப்பாவோடு பௌதி கீழே இறங்கிப் போனார். யாரோ என் முதுகில் தட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தபோது கீழிருந்து அலறல் கேட்டது.

"மாசி கிர் கயா! ஜல்தி ஆவோ!"

மாசி விழுந்துவிட்டார், சீக்கிரம் வாருங்கள் என்று கத்தினார் பௌதி; கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து முனகல் கேட்டிருக்கிறது. ஜோசப்தான் தோளால் மோதிக் கதவின் தாழ்ப்பாளை உடைத்தார். குளியலறையில் கிடந்தார் அக்கா. விடியற்காலை ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கத்தியிருக்கிறார். வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்புறம் தொண்டை கட்டிவிட்டது. பதினைந்து மணி நேரம், ஈரத் தரையில்.

மற்ற வருஷமாக இருந்தால்? காலை ஆறரைக்கே என் மகள் முதல் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டியிருப்பாள். திறக்கவில்லை என்றால் திரும்பி வந்து சொல்லியிருப்பாள். அவள் விட்டாலும் பின்னாலேயே ஆறு வீட்டுத் தட்டுகள் போயிருக்கும். பண்டிகை நாளில் அக்கா எங்கே என்று யாருக்காவது கேட்கத் தோன்றாமல் போகுமா?

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எலும்பு உடைந்ததைச் சமாளித்துவிடலாமாம். அத்தனை நேரம் தண்ணீர் இல்லாமல் அசையாமல் கிடந்ததில் கிட்னி பாதிக்கப்பட்டுவிட்டது. இனி வைத்தியம் விடாமல் நடக்க வேண்டும், கூடவே ஓர் ஆள் வேண்டும். "காலையிலேயே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கோத்தகிரியிலிருந்து அக்காவின் தங்கை மகள் வந்தாள். நல்ல பெண். ஆனால் அக்கா அவளை அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். தன்னோடு அழைத்துப் போவதாகச் சொன்னாள். வேறு வழியும் இல்லை. விமானத்தில் ஸ்ட்ரெச்சருக்குக் கட்டுபடியாகாது, ஆகவே கப்பல்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா பாதியாகியிருந்தார்.

"சிலோன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தாங்க தம்பி. அப்புறம் கச்சாலுக்குக் கப்பலு. தண்ணி வந்து அடிச்ச பொறகு இங்கயும் கப்பல்லதான். இப்ப மறுக்கா ஏத்துறாங்க. ஒரு தடவயாச்சும், 'ஏம்மா, போறியா'ன்னு என்னைய யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சொல்லியே விட்டேன். "அக்கா, தட்டு வேணாம்னு சொன்னது நான்தான்க்கா. என்னை மன்னிச்சிருங்க."

"நீங்க என்னா செய்வீங்க. சாமான் வீணாகுதுன்னுதானே சொன்னீங்க. நல்லதுதானே." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏந் தொதல நீங்க யாரும் திங்கறது இல்லன்னு எனக்குத் தெரியுந் தம்பி. குப்பை டப்பா எங்கூட்டு வாசல்லதானே இருக்கு."

அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "தெரிஞ்சுமா வருஷா வருஷம் செஞ்சீங்க?"

"பின்ன? கையில ஒண்ணு இருந்தாத்தானே ஒரு கதவத் தட்டலாம். சும்மா வந்து நின்னா, என்னா வேணும்னு கேப்பீங்களே."

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஹேவ்லாக் நண்பரே, சிக்கனம் தப்பில்லை. வீணடிப்பதை நான் இன்றைக்கும் ஆதரிக்கவில்லை. ஏழு லட்டு வைக்கிற இடத்தில் ஒன்று வைத்திருக்கலாம். தட்டைச் சின்னதாக்கி, சாமானில் பாதியை மிச்சம் பிடித்திருக்கலாம். இந்தச் சின்ன கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒரேயடியாக நிறுத்தினேன். பலகாரத்தை எண்ணத் தெரிந்த எனக்கு, அன்று மாடியில் ஒரு தலை குறைந்ததை எண்ணத் தெரியவில்லை.

கீழ் வீட்டுச் சாவியை ஓனர் வாங்கிப் போய்விட்டார். அடுத்த மாதம் யாரோ குடிவருகிறார்களாம். யார் என்று இன்னும் தெரியாது. பொங்கலுக்கு அந்தக் கதவுக்குத்தான் முதல் தட்டு என்று சுமதி சொல்லிவிட்டாள்.

அவர்கள் தின்னாவிட்டால் பரவாயில்லை, வீணாகட்டும்.